சிவப்பு மையில் முப்பத்திரண்டு மூட்டை

குடோன் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு குடோன் உண்டு. ஒன்று தரையில், இன்னொன்று தாளில். இரண்டும் ஒத்துப்போகிற நாள்தான் எங்களுக்குத் தீபாவளி.

இன்றைக்குக் கம்ப்யூட்டரில் சரக்கு இருப்பு வைத்துக்கொண்டு மல்லாடுகிறவர்களும் எங்கள் சாதிசனம்தான். என் மகள் கோயம்புத்தூரில் அந்த வேலைதான் பார்க்கிறாள். "டேட்டாபேஸ்ல பன்னண்டு பெட்டி காட்டுதும்மா, போய்ப் பார்த்தா ஒம்பதுதான் இருக்குது" என்று வாரத்துக்கு ஒரு தரம் போனில் புலம்புவாள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வைத்தியத்தையும் சொல்வாள். ஒரே எண்ணிக்கையை இரண்டு இடத்தில் எழுதி வைக்கக் கூடாதாம். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே ஒரு நம்பர்தானாம். ஓரிடத்தில் கழித்தால் இன்னோரிடத்தில் கூட்டியே ஆக வேண்டுமாம், பாதியில் நின்றால் அந்தப் பதிவே செல்லாதாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இதையெல்லாம் எழுபதுகளில் ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு டப்பா பித்தளை வில்லைகளையும் வைத்துக்கொண்டு நான் செய்து முடித்தாயிற்று. தற்பெருமைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கிய நாள்

நான் நல்லேப்பிள்ளிக்காரி. விவசாயக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி.யும் கூட்டுறவுப் பயிற்சியும் முடித்து, தமிழும் மலையாளமும் கலக்கிற எல்லைப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தேன். சங்கத்தின் பேர் வேண்டாம். உரம், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கயிறு, பம்ப்செட் சாமான் எல்லாம் விற்போம். எருத்தேன்பதிப் பக்கம் எங்களுக்கு ஒரு கிளை குடோனும் இருந்தது. பெண்பிள்ளை குடோனில் என்ன கிழிக்கப் போகிறாள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேர் அதைச் சொல்லவே சொன்னார்கள்.

செக்ரட்டரி கிருஷ்ணய்யர் கல்பாத்திக்காரர், நல்ல மனுஷர். சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டு, "இந்தா கொழந்தே, உள்ளே காம்ப்ளெக்ஸ் உரம் முப்பத்திரண்டு மூட்டை கொறையறது. அது நோக்கு முன்னாடி நடந்ததுன்னு எழுதி வாங்கிண்டு ஆரம்பிச்சுக்கோ" என்றார். நாடெங்கும் உரத் தட்டுப்பாடு இருந்த வருஷம் அது. ஒரு மூட்டைக்கு விவசாயிகள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்பார்கள். அப்போது முப்பத்திரண்டு காணோம் என்றால் சும்மா இருப்பார்களா? நான் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆடி மாதத்தில், பழைய ஸ்டோர்கீப்பர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். சாவி சுமை தூக்குகிற ஆறுச்சாமியிடம் இருந்தது. எனவே எடுத்தது ஆறுச்சாமிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. போலீசுக்குப் போகவில்லை. ஆனால் குடோன் வாசலைத் தாண்டி அவர் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. கடைவீதியில் அவருக்கு 'முப்பத்திரண்டு' என்றே பேராகிவிட்டது.

முதல் நாளே அவரைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடோன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், பனைமரத் தேகம். நான் பூட்டைத் திறக்கும்போது எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார். "ஏனுங்க அம்மிணி, அந்த மூட்டைய நானே வண்டியில ஏத்திக் கெளைக்குக் கொண்டு போயி எறக்குனேனுங்க, ஒருத்தருமே நம்ப மாட்டேங்கறாங்க."

மூன்று இருப்பு

செக்ரட்டரியிடம் கேட்டேன். "கிளையிலே காம்ப்ளெக்ஸ் பக்கத்தை நானே போய்ப் பார்த்தேனே, அப்படி ஒரு வரவும் கெடையாது" என்றார். சரி, முதலில் நம் வீட்டைச் சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் குடோனில் ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று இடத்தில் இருப்பு எழுதியிருந்தது. அடுக்கி வைத்த மூட்டை அட்டியில் தொங்கும் அட்டையில் ஒன்று. ரிஜிஸ்டரில் ஒன்று. பில் போடும் ஜன்னலுக்கு மேலே கரும்பலகையில் ஒன்று. யூரியாவுக்கு அட்டை நூற்றுப்பத்து என்றது, ரிஜிஸ்டர் நூற்றுநான்கு என்றது, பலகை தொண்ணூற்றெட்டு என்றது. தரையில் எண்ணினால் நூற்றொன்று. அன்றைக்கே அட்டைகளை எல்லாம் கழற்றிக் கட்டிப் பரணில் போட்டேன். இனிமேல் ஒரே புத்தகம். அதிலும் வரவும் செலவும் மட்டுமே எழுதுவோம். இருப்பு வேண்டுமென்றால் கூட்டிக் கழித்துத் தெரிந்துகொள்வோம். கரும்பலகை அந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதற்கு மட்டும்.

பில் போடுகிற தங்கவேலுவுக்கு இது பிடிக்கவில்லை. நெட்டையான ஆள், இளகிய மனசு, கூட்டல் கணக்கு என்றால் மட்டும் தலைவலி வரும். பரணில் கிடந்த அட்டைக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னார். "மூணு எடத்துல எழுதி வச்சா, ஒண்ணாச்சும் சரியா இருக்குமில்லீங்களா?"

ரப்பருக்கு விடுமுறை

பழைய ரிஜிஸ்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அவ்வளவு தேய்த்து அழித்திருந்தார்கள். அழித்த இடத்தில் முன்னால் என்ன எண் இருந்தது, யார் அழித்தார்கள், எதற்காக அழித்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரப்பர், பிளேடு எல்லாவற்றையும் மேசையிலிருந்து வாரிக் குப்பையில் கொட்டினேன்.

புது வழக்கம் இதுதான். தப்பாக எழுதியது தப்பாகவே இருக்கட்டும். அதைத் தொடக் கூடாது. அன்றைய தேதியில் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி எழுத வேண்டும். 'பக்கம் இன்னது, வரி இன்னது தவறு, ஐந்து மூட்டை கூட்டிக்கொள்க' என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். முதல் மாதம் கறுப்பு வரிக்குச் சமமாகச் சிவப்பு வரி வந்தது. நானே ஒன்பது எழுதினேன், ஒளிக்கவில்லை. மாதக் கடைசியில் புத்தகத்தை விரித்துப் பார்த்த கிருஷ்ணய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏண்டி கொழந்தே, இது ரிஜிஸ்டரா, ஆரத்தி கரைச்ச தாம்பாளமா?"

கடைசி நாலு மூட்டை

தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டம் தாங்காமல் இரண்டு ஜன்னல் திறந்தோம். ஒன்றில் தங்கவேலு, ஒன்றில் நான். ஒரு நாள் பொட்டாஷ் நாலு மூட்டைதான் மிச்சம் என்று பலகையில் இருந்தது. அவர் பலகையைப் பார்த்தார், நாலு இருக்கிறது என்று ஒருவருக்கு நாலு மூட்டைக்குப் பில் போட்டார். அதே நிமிஷத்தில் நானும் பலகையைப் பார்த்தேன், நாலு இருக்கிறது என்று இன்னொருவருக்கு நாலு மூட்டைக்குப் பில் போட்டேன். இருவரும் கணக்குப்படிதான் செய்தோம். இருவர் மீதும் தப்பில்லை. எட்டு மூட்டை விற்றிருந்தோம், நாலு மூட்டைதான் இருந்தது.

பித்தளைப் பாத்திரக் கடையில் சொல்லி, எட்டணாக் காசு அகலத்தில் வில்லைகள் வெட்டி வாங்கினேன். மூட்டைக்கு ஒரு வில்லை. எல்லாம் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரே ஆணிப் பலகையில் தொங்கும். பில் போடுவதற்கு முன் வில்லையைக் கையில் எடுக்க வேண்டும். ஆணி காலி என்றால் பில் இல்லை, யார் வந்து கேட்டாலும் இல்லை. அதற்குப் பிறகு இல்லாத மூட்டையை நாங்கள் ஒரு தரம்கூட விற்றதில்லை. ஆனால் அந்த யோசனை எனக்கு வருவதற்கு, எருத்தேன்பதிக்காரர் ஒருவர் வண்டியோடு வெயிலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, பில்லை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் கேட்க வேண்டியிருந்தது. "பில்லு மட்டும் போட்டுக் குடுத்தீங்களே, இதையே கிழிச்சுத் தோட்டத்துல தூவிப் போடட்டுங்களா?"

தங்கவேலுவின் கை

கயிறு மட்டும் எப்போதும் குறைந்துகொண்டே இருந்தது. நூறு மார் என்று வந்த சுருள் தொண்ணூறிலேயே தீர்ந்துவிடும். எலி கயிறு தின்னாது. இரண்டு நாள் ஜன்னலோரமாக நின்று கவனித்தேன். தங்கவேலு இரண்டு கையையும் அகல விரித்து, நெஞ்சையும் நிமிர்த்தி, "ஒண்ணு... ரெண்டு..." என்று அளந்துகொண்டிருந்தார். அந்த நெட்டை உடம்புக்கு ஒரு மார் என்பது மற்றவர்களுக்கு ஒன்றே சொச்சம். விஷயம் தெரிந்த விவசாயிகள் அவர் சாப்பிடப் போயிருந்தால் திரும்பி வரும்வரை காத்திருந்து வாங்கினார்கள்.

மேசை விளிம்பில் மீட்டர் கோலை வைத்து அளந்து இரண்டு ஆணி அடித்தேன். கயிறு இனி மீட்டரில் வரும், மீட்டரில் போகும், புத்தகத்திலும் மீட்டர்தான். அடுத்த சுருள் அரை அடிகூடப் பிசகாமல் தீர்ந்தது. எனக்கு அன்று சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வாடிக்கைக்காரர் ஒருவர் மட்டும் ஆணியைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டார். "அவரு கையில இருந்த எரக்கம் இந்த ஆணிக்கு இல்லீங்களே அம்மிணி."

மைனஸ் மூன்று

இது சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பருத்திக்கொட்டை லாரி வந்து நின்றது. வரவு எழுதுவதற்கு முன்பே, பால்மாட்டுக்காரர்கள் மொய்த்துக்கொண்டதால் தங்கவேலு லாரியிலிருந்தே ஏழு மூட்டை எடுத்துக் கொடுத்துச் செலவு எழுதிவிட்டார். பழைய இருப்பு நாலு. ஏழு போனதும் கூட்டிக் கழித்து, மனசாட்சிக்குப் பயந்து, 'இருப்பு மைனஸ் மூன்று' என்று பலகையில் எழுதியும் வைத்துவிட்டார்.

வரவு எழுதாத சரக்கை யாருக்கும் கொடுப்பதில்லை என்ற சட்டம் அன்று சாயங்காலமே வந்தது. சட்டம் போட்டது நான்தான். ஆனால் அதைத் தங்கவேலுவுக்கு மறக்க முடியாமல் செய்தது செக்ரட்டரி. பலகையைப் பார்த்தவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடோனுக்குள் மூலைமூலையாகச் சுற்றி வந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார். "எல்லாம் சரியாக்கும் தங்கவேலு, அந்த மைனஸ் மூணு மூட்டையை எந்த மூலையிலே அடுக்கி வச்சிருக்கே, அதைக் காட்டு."

நல்ல நாளுக்கு ஒன்று

அடுத்த சித்திரை வந்தது. இப்போது ஒரு புது வியாதி. புத்தகத்தைவிடத் தரையில் மூட்டை அதிகம். குறைந்தால் தூக்கம் வராது, கூடினால் அதைவிட மோசம். குறைந்ததற்காவது திருடன் என்று ஒரு சாக்கு இருக்கிறது. கூடினதற்கு யார்மேல் பழி போடுவது? பத்து மூட்டை, பதினைந்து மூட்டை என்று நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

காரணம் மயிலாத்தாள் மூலம் தெரிந்தது. அவள் மீனாட்சிபுரத்துப் பக்கம் பத்து ஏக்கரைத் தனியாளாக நின்று பார்க்கிற விதவை. ஆறு மூட்டைக்குப் பில் வாங்கினாள். ஒரே ஒரு மூட்டைக்குச் சந்தனம் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டாள். ஐந்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். விசாரித்தால் எங்கள் பக்கத்து வழக்கமே அதுதானாம். நல்ல நாளில் முதல் மூட்டை வீட்டுக்குப் போய்விட வேண்டும். மீதி ஆடியில் விதைப்புக்கு வேண்டும்போது போதும். அதுவரைக்கும் சங்கத்துக் குடோனில் கிடக்கும். நானும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா எத்தனை மூட்டை வாங்கினார், எத்தனை கொண்டுவந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம் புத்தகத்தில் ஆறும் செலவு, தரையில் ஐந்து இன்னும் இருக்கிறது. உடனே மேற்கு மூலையில் தனி அட்டி போட்டு, சுண்ணாம்பால் பேர் எழுதி, 'பிறர் சரக்கு' என்று தனிப் புத்தகமும் போட்டேன். "இங்கே கெடக்கறதை நம்ம இருப்புன்னு எண்ணீட்டோம் போல" என்று நான் சொன்னதும் மயிலாத்தாள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் எனக்குப் பொறி தட்டியது. போன வருஷத்துப் பழைய பில் கட்டை எடுத்தேன். கொண்டுபோன மூட்டையைப் பில்லின் முதுகில் தேதியோடு கோடு போட்டு வைப்பது தங்கவேலுவின் பழக்கம். நல்ல வேளை! கூட்டிப் பார்த்தேன். போன ஆனியில் வருஷக் கணக்கெடுப்பு நடந்த அன்று, விவசாயிகள் விட்டுப்போன காம்ப்ளெக்ஸ் முப்பத்துநாலு மூட்டை குடோனில் கிடந்திருக்கிறது. அதையும் சேர்த்து எண்ணித்தான் 'இரண்டு கூடுதல், சரி' என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கழித்தால் அன்றைக்கே முப்பத்திரண்டு குறைவு. சாவி ஆறுச்சாமி கைக்கு வந்ததோ அதற்கு அடுத்த மாதம். அவரவர் மூட்டையை ஆடியில் அவரவர் கொண்டுபோனதும் பழைய ஓட்டை வெளியே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் கைக்குச் சாவி வருவதற்கு முன்பே காணாமல் போனதை அவர் எப்படி எடுத்திருக்க முடியும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் மூட்டை எங்கே என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். காலையில் மயிலாத்தாள் கேட்ட கேள்விதான் காதில் இருந்தது. "எங்க மாடு உங்க பட்டியில ஒரு நாளு நின்னுதுன்னா, அது உங்க மாடாயிருமுங்களா?"

பச்சைப் பட்டை

ஆனி பிறந்ததும் வருஷக் கணக்கெடுப்புக்காகக் கிளை குடோனுக்குப் பஸ் ஏறினேன். கூடவே இன்னொரு வேலையும் வைத்திருந்தேன். எங்கள் சங்கத்தில் ஒரே சாமானை ஆளுக்கொரு பேரில் எழுதினார்கள். எனவே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர், இரண்டு குடோனுக்கும் அதே நம்பர் என்று பட்டியல் தயாரித்து எடுத்துப் போனேன். காம்ப்ளெக்ஸ் உரம் ஏழாம் நம்பர்.

கிளையில் கிட்டுச்சாமி என்று ஒருவர்தான் எல்லாம். வரவு, செலவு, வாசல் பெருக்குவது எல்லாம் அவரே. அவர் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் நம்பர் போட்டுக்கொண்டே வந்தேன். காம்ப்ளெக்ஸ் பக்கத்துக்கு ஏழு போட்டேன். செக்ரட்டரி வந்து பார்த்த பக்கம் அது. இன்னும் இருபது பக்கம் தள்ளி, 'பச்சைப் பட்டை மூட்டை' என்று இன்னொரு பக்கம் வந்தது. அது என்ன சரக்கு என்று கேட்டேன். கிட்டுச்சாமி என்னைக் குடோனுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். காம்ப்ளெக்ஸ்தான். நடுவில் சில மாதம் சாக்கில் பச்சைக் கோடு போட்டு வந்தது. விவசாயிகள் எல்லாரும் பச்சைப் பட்டை என்றுதான் கேட்டார்களாம், அதனால் அவரும் அப்படியே பக்கம் திறந்துவிட்டாராம்.

அந்தப் பக்கத்தில் மூன்றாவது வரியில் இருந்தது. 'பெரிய குடோனிலிருந்து வண்டியில் வரவு: 32.' பக்கத்திலேயே இறக்கியவர் கைநாட்டு. கைநாட்டுக்குக் கீழே கிட்டுச்சாமியின் கோணல் எழுத்தில் ஆறுச்சாமி என்று பேர். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய சீட்டு, சுவரில் கம்பியில் குத்தியபடி தூசி படிந்து கிடந்தது. சீட்டு திரும்பி வந்தால்தான் பெரிய குடோனில் செலவு எழுதுவார்கள். வரவில்லை, எழுதவில்லை. இங்கே கூட்டியாயிற்று, அங்கே கழிக்கவே இல்லை. நான் அந்தச் சீட்டைக் கம்பியிலிருந்து கழற்றித் தூசி தட்டினேன். கிட்டுச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "சரக்குத்தான் பத்தரமா வந்து சேந்துருச்சுங்களே அம்மிணி, அப்பறம் சீட்டு எங்க கெடந்தா என்னங்க?"

கிழிக்காத பக்கம்

கிளைப் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். கிருஷ்ணய்யர் அந்த வரியை மூன்று தரம் படித்தார். அப்புறம் அவரே ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய், பத்துப் பேர் முன்னால் ஆறுச்சாமியின் கையைப் பிடித்து, "நான் பார்த்த பக்கம் தப்பாயிடுத்து, நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினோரு மாதத்துக்குப் பிறகு ஆறுச்சாமி அந்த வாசலைத் தாண்டினார். நேரே காம்ப்ளெக்ஸ் அட்டிக்குப் போய், ஒரு மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஆடிட்டர் வந்தார். மூன்று நாள் மூட்டை மூட்டையாக எண்ணினார். புத்தகமும் தரையும் இரண்டு குடோனிலும் ஒரு வாஷர்கூட வித்தியாசமில்லாமல் ஒத்துப்போனது. இவ்வளவு சரியாக இருந்தால் சந்தேகமாக இருக்கிறதே என்று மலையாளத்தில் முணுமுணுத்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் பெரியது அதுதான். அவர் முன்னாலேயே சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினேன். 'பக்கம் 41-இல் எழுதிய குறைவு 32 தவறு. சரக்கு முழுவதும் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய் இறக்கியவர் ஆறுச்சாமி.' ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார், செக்ரட்டரி போட்டார், நான் போட்டேன்.

ஆறுச்சாமிக்குத் திருப்தி இல்லை. "அந்த நாப்பத்தொண்ணாம் பக்கத்தக் கிழிச்சுப் போடுங்க அம்மிணி, எனக்கு இந்த ஒரு ஒத்தாசை பண்ணுங்க" என்றார். அந்த மனுஷர் பட்டதற்கு நானே கிழித்துக் கொடுத்திருப்பேன், மனசு அப்படித்தான் அடித்துக்கொண்டது. ஆனால் கிழிக்கவில்லை. "கிழிச்சா, அதுல என்ன இருந்துச்சுன்னு ஊரு புதுசா ஒண்ணு பேசுமுங்க. பொய் அங்கயே கெடக்கட்டும். அதைப் படிக்கறவங்க இதையும் படிக்கட்டும்" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. சிவப்பு வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னார். தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போய் மூட்டை தூக்க ஆரம்பித்தார்.

ஊர் வைத்த பட்டப்பேரை எந்தப் பேனாவாலும் திருத்த முடியாது. மறு வருஷமும் அவரை 'முப்பத்திரண்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒரு நாள் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியூர் லாரி டிரைவர் ஒருவர், யாரோ சொல்லிக் கொடுத்ததை வைத்து, "ஏனுங்க முப்பத்திரண்டு, அது என்னங்க அப்படியொரு பேரு?" என்று கேலியாகக் கேட்டார். ஆறுச்சாமி முதுகில் இருந்த மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குடோனுக்குள் இருந்த என் மேசையைக் காட்டிச் சொன்னார். "அந்தப் பொஸ்தகத்துல ரெண்டு முப்பத்திரண்டு இருக்குதுங்க, கருப்புல எழுதுனது பொய்யி, செவப்புல எழுதியிருக்கறதுதானுங்க நானு."

ஆயுசில் பாதியை மூட்டை எண்ணியே கழித்ததில் நான் கண்டது என்னவென்றால், மூட்டைக்குக் கால் முளைத்து ஓடியதைவிட, எழுதுகிறவர் கை சோம்பிப்போய் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.